கேரியர் வாயுவின் பாய்வு வீதம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மாதிரியை ஆவியாக்கி, கேரியர் வாயுவால் நீண்ட குழல் வழியே தள்ளிப் பொருள்களைப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஒரு பீக் (பொருள் வெளியேறும்போது வரைபடத்தில் எழும் முகடு) இடம் மாறினாலோ, அகன்றாலோ, சிறுத்தாலோ நம் கை முதலில் பாய்வு வீதத்தை மாற்றத்தான் போகிறது. அந்தக் கையைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் முதல் வேண்டுகோள். திரையில் நிமிடத்துக்கு 1.0 மி.லி. என்று தெரியும் எண், பெரும்பாலான கருவிகளில், குழலுக்குள் ஓடும் வாயுவை அளந்து சொன்ன எண் அன்று. நாம் உள்ளிட்ட குழல் நீளம், உள்விட்டம், வாயுவின் பெயர், குழலைச் சூடாக்கும் ஓவனின் வெப்பநிலை ஆகியவற்றோடு, மாதிரி நுழையும் வாயாகிய இன்லெட்டில் உணரப்பட்ட அழுத்தத்தையும் சேர்த்துக் கருவி கணக்கிட்டுக் காட்டும் எண் அது. உள்ளீடுகளில் ஒன்று தவறினாலும் கணக்கு தவறும்; ஆனால் திரை அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆய்வகப் பேச்சில் 'காலம்' என்று நாம் சொல்லும் பிரிகைக் குழலை, நேரத்தைக் குறிக்கும் காலத்தோடு குழம்பாமலிருக்க, இங்கே குழல் என்றே எழுதுகிறேன். வேறு ஏதும் குறிப்பிடாத இடங்களில், கீழே வரும் எண்கள் 30 மீட்டர் நீளமும் 0.25 மி.மீ. உள்விட்டமும் கொண்ட, உள்ளே துகள் அடைப்பில்லாத மெல்லிய கேப்பிலரி குழலுக்கும், அதிலிருந்து வெளியேறும் பொருளை உணரும், வளிமண்டல அழுத்தத்தில் திறந்திருக்கும் டிடெக்டருக்கும் உரியவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் வெற்று நேரத்தை அளக்கவும்

குழலின் உட்பூச்சில் சற்றும் தங்காத ஒரு பொருள், இன்லெட்டிலிருந்து டிடெக்டரை அடைய எடுத்துக்கொள்ளும் நேரமே வெற்று நேரம். டெட் டைம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது இதைத்தான். சுடர் அயனியாக்க டிடெக்டராகிய எஃப்ஐடி இருந்தால் மீத்தேனையும், வெப்பக்கடத்துகை டிடெக்டராகிய டிசிடியோ, மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறைநிறமாலைமானியோ இருந்தால் காற்றையும் சில மைக்ரோலிட்டர் செலுத்தி இதை அளக்கலாம். ஓவனை ஒரே வெப்பநிலையில் நிறுத்தி, மாதிரியின் பெரும்பகுதியை வெளியேற்றிச் சிறு பங்கை மட்டும் குழலுக்கு அனுப்பும் ஸ்பிளிட் முறையில், பிரிப்பு விகிதத்தை (வெளியேறும் பாய்வுக்கும் குழலின் பாய்வுக்கும் உள்ள விகிதத்தை) உயர்வாக வைத்துச் செலுத்தினால் பீக் ஊசி போலக் கூர்மையாக வரும். குழலின் நீளத்தைச் செ.மீ. கணக்கில் எடுத்து, வெற்று நேரத்தின் வினாடிகளால் வகுத்தால் வாயுவின் சராசரி நேர்வேகம் கிடைக்கும். 3000 செ.மீ. குழலில் மீத்தேன் 120 வினாடியில் வந்தால் வேகம் வினாடிக்கு 25 செ.மீ.; 100 வினாடியில் வந்தால் 30 செ.மீ.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: ஓவன் 50 டிகிரி செல்சியஸில் இருக்க, ஹீலியத்தை நிமிடத்துக்கு 1 மி.லி. என அமைத்தால், இன்லெட் அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ 0.8 பார் காட்ட வேண்டும். மீத்தேன் 2 நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். அழுத்தம், வெற்று நேரம் ஆகிய இரண்டும் பொருந்தினால் குழலுக்குள் ஓடும் பாய்வு நீங்கள் நினைக்கும் பாய்வுதான். அழுத்தம் பொருந்தி, நேரம் பொருந்தாமற்போனால் உள்ளீட்டிலோ குழலிலோ கோளாறு இருக்கிறது.

மீத்தேன் பீக்கின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அது எதிலும் தங்காத பொருள். ஆகவே அதற்குப் பின்பக்கம் நீண்டு சரியும் வால் இருக்கக் காரணமில்லை. வால் தெரிந்தால் குழல் தவறான ஆழத்தில் பொருத்தப்பட்டிருக்கலாம், முனை சீராக வெட்டப்படாமலிருக்கலாம், அல்லது ஸ்பிளிட் பாய்வு மிகக் குறைவாக இருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் பாய்வு வீதத்தைத் தேர்வதில் பயனில்லை.

ஸ்பிளிட் வெளியேற்றம், செப்டம் பர்ஜ் (ஊசி நுழையும் ரப்பர் அடைப்பாகிய செப்டத்தின் அடியைத் துடைக்கும் வாயு), டிடெக்டர் வாயுக்கள் ஆகியவற்றை நேரடியாக அளக்கச் சோப்புக் குமிழ் மானி இன்றும் போதுமானது. ரப்பர்க் குமிழியை மெல்ல அழுத்தினால் ஒரு படலம் குழாயில் ஏறும். உலர்ந்த சுவரில் முதல் படலம் பாதி வழியில் உடைந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று படலங்களை ஏற்றிச் சுவரை நனைத்த பின்பே நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தவும். 1 மி.லி. குறிகளுக்கிடையே படலம் 40 வினாடி எடுத்துக்கொண்டால் பாய்வு நிமிடத்துக்கு 1.5 மி.லி. எஃப்ஐடியின் வாயில் அளப்பதாயின் சுடரை அணைத்து, வாயுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து அளக்க வேண்டும். சுடர் எரியும்போது மானியை இணைக்கவே கூடாது.

சரியான வேகம் எங்கே இருக்கிறது

1956-இல் வான் டீம்டரும் உடன் பணியாற்றிய இருவரும் வெளியிட்ட சமன்பாடு, வேகத்துக்கும் பீக் அகலத்துக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. உள்ளே துகள் அடைப்பில்லாத கேப்பிலரி குழல்களுக்கு அதைக் கோலே 1958-இல் மாற்றியமைத்தார். வேகம் மிகக் குறைந்தால் பொருளின் மூலக்கூறுகள் வாயுவில் முன்னும் பின்னும் விரவ நேரம் கிடைத்துப் பீக் அகலும். வேகம் மிகுந்தால் அவை உட்பூச்சுக்கும் வாயுவுக்கும் இடையே மாறிச்செல்ல நேரம் போதாமல் அகலும். வேகத்துக்கு எதிரே பீக் அகலும் அளவை வரைந்தால் வரும் வளைகோட்டில், இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்புள்ளி உண்டு. நைட்ரஜனுக்கு அது வினாடிக்கு 10 முதல் 15 செ.மீ. வரையிலும், ஹீலியத்துக்கு 20 முதல் 30 வரையிலும், ஹைட்ரஜனுக்கு 35 முதல் 50 வரையிலும் அமைகிறது.

இந்த வளைகோட்டின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. தாழ்புள்ளிக்கு இடப்புறம் கோடு செங்குத்தாக ஏறுகிறது. வலப்புறம் மெல்ல ஏறுகிறது. ஆகவே ஐயம் இருக்கும்போது வேகத்தைக் குறைப்பதைவிடச் சற்றுக் கூட்டுவதே பாதுகாப்பு. ஹைட்ரஜனுக்கு வலப்புறம் ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால் வேகத்தைக் கூட்டினாலும் பீக்குகளின் பிரிப்பு அதிகம் கெடாது. நைட்ரஜனுக்கோ வலப்புறமும் விரைந்து ஏறிவிடும். ஹீலியத்தில் என் பரிந்துரை 25-இல் தொடங்கி, பிரிப்பு மிஞ்சியிருந்தால் 35 வரை உயர்த்திப் பார்ப்பது.

அறிகுறி: பீக்குகள் எல்லாம் தாமதமாக, அல்லது முன்கூட்டியே, வருகின்றன

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வெற்று நேரமும் அதே திசையில் மாறியிருக்கிறதா? வெற்று நேரம் மாறாமல் மற்றப் பீக்குகள் மட்டும் நகர்ந்திருந்தால் பாய்வில் குற்றமில்லை. ஓவன் வெப்பநிலையையோ, தேய்ந்துபோன உட்பூச்சையோ, தவறான வகைக் குழலையோதான் ஆராய வேண்டும். அந்நிலையில் பாய்வைக் கூட்டி நேரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது, ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடுவதாகும். ஒரு பீக் இடத்துக்கு வந்தாலும் மற்றவை வராது.

வெற்று நேரமும் மாறியிருந்தால் முதலில் உள்ளீடுகளைப் பார்க்கவும். நான் நெருங்கிப் பார்த்த ஒரு கோளாறு இது. 25 மீட்டர் குழலை எடுத்துவிட்டு 30 மீட்டர் குழலைப் பொருத்தியிருந்தோம். கருவியிலோ நீளம் 25 மீட்டர் என்றே இருந்தது. வேகம் வினாடிக்கு 25 செ.மீ. என்று திரை காட்டியது, 1.67 நிமிடம் என்று வெற்று நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டியது. மீத்தேனோ 2.4 நிமிடத்தில் வந்தது. அதே அழுத்தத்தில் நீளம் கூடினால் வேகம் அதே விகிதத்தில் குறைகிறது, கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. எனவே நேரம் நீளத்தின் இருமடிப் பெருக்கத்தில் மாறுகிறது, அதாவது 1.2-இன் இருமடியாகிய 1.44 மடங்கு. இரண்டு நாள் கசிவைத் தேடிய பிறகே அந்த விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றியது. அப்போதிருந்து, எதிர்பார்த்த வெற்று நேரத்தையும் கிடைத்த வெற்று நேரத்தையும் வகுத்துப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்திருக்கிறேன். விகிதத்தின் வர்க்கமூலம் நீளங்களின் விகிதத்தோடு பொருந்தினால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

உள்விட்டம் இன்னும் நுட்பமானது. பாய்வு வீதம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, 0.25 மி.மீ. என்று குறிக்கப்பட்ட குழல் உண்மையில் 0.26 ஆக இருந்தால், அதே அழுத்தத்தில் பாய்வு ஏறத்தாழ 17 விழுக்காடு கூடும். ஆகவே புதிய குழல் ஒவ்வொன்றுக்கும் வெற்று நேரத்தை அளந்து, அதற்குப் பொருந்துமாறு நீளத்தையோ உள்விட்டத்தையோ கருவியில் திருத்தி வைப்பது நல்ல வழக்கம். பராமரிப்புக்காக முனையை வெட்டும்போதெல்லாம் வெட்டிய நீளத்தையும் கழித்துக்கொண்டே வரவும்.

வாயுவின் பெயர் தவறாக இருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். ஹைட்ரஜனின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஹீலியத்தினுடையதில் பாதிக்கும் குறைவு. கருவியில் ஹீலியம் என்று இருக்க உள்ளே ஓடுவது ஹைட்ரஜனாக இருந்தால், பாய்வு இருமடங்குக்கு மேல் போய்ப் பீக்குகள் பாதி நேரத்தில் வந்துவிடும். நைட்ரஜனின் பாகுநிலையோ ஹீலியத்துக்கு அருகில் இருப்பதால் அந்தத் தவறு நேரத்தில் பெரிதாகத் தெரியாது. பீக் அகலத்தில்தான் தெரியும்.

உள்ளீடுகள் சரியென்றால், அடுத்தது கசிவும் அடைப்பும். இங்கே கருவியின் கட்டுப்பாட்டு முறையை அறிந்திருப்பது அவசியம். உள்ளே துகள் அடைத்த பேக்டு குழல்களுக்குப் பயன்படும், பாய்வைக் கட்டுப்படுத்தும் இன்லெட்டில், செப்டம் கசிந்தால் கசிந்த அளவு குழலுக்குப் போகாது; பீக்குகள் உடனே தாமதமாகும். கேப்பிலரி இன்லெட்டோ அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. செப்டம் சிறிதளவு கசிந்தாலும் கருவி கூடுதல் வாயுவை அனுப்பி அழுத்தத்தைக் காப்பாற்றிவிடும். நேரம் மாறாது, பீக்கின் பரப்பு குறையும். ஆகவே கேப்பிலரி கருவியில் தாமதத்துக்குச் செப்டத்தைக் குறைசொல்வதற்கு முன், அழுத்தம் அமைத்த எண்ணில் நிற்கிறதா என்று பார்க்கவும்.

அழுத்தம் சரியாக நின்று பாய்வு மட்டும் குறைந்திருந்தால் குழலில் அடைப்பு இருக்கிறது. செப்டத்தின் துணுக்கோ, குழலைச் சுற்றி இறுக்கி அடைக்கும் வளையமாகிய ஃபெரூலிலிருந்து உதிர்ந்த கிராஃபைட் துகளோ குழல் வாயில் உட்கார்ந்திருக்கும். டிடெக்டர் முனையைக் கழற்றி, சிறு புட்டியில் உள்ள மெத்தனாலுக்குள் அமிழ்த்தினால் குமிழ்கள் இடைவிடாமல் வர வேண்டும். விட்டுவிட்டு வந்தாலோ வராமற்போனாலோ இன்லெட் பக்கத்தில் 10 முதல் 20 செ.மீ. வரை வெட்டவும். நட்டையும் ஃபெரூலையும் குழலில் கோத்த பிறகே வெட்ட வேண்டும், ஏனெனில் கோக்கும்போது ஃபெரூல் துகள் உள்ளே போகும். பீங்கான் தகட்டின் விளிம்பால் குழலின்மேல் ஒரே ஒரு கீறல் இட்டு, கீறலுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்தால் குழல் சுத்தமாக முறியும். முறிந்த முனையைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்க்கவும்: விளிம்பு செங்கோணமாக இருக்க வேண்டும், பழுப்புநிறப் பாலிஇமைடு மேற்பூச்சு நார்போலத் தொங்கக் கூடாது, உள்ளே கண்ணாடிப் பொடி தெரியக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மறுபடி வெட்டவும்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் நேரம் அலைகிறது

ஒரு திசையில் நகராமல் முன்னும் பின்னுமாக அலையும் நேரத்துக்குக் காரணம் பெரும்பாலும் வாயு வழங்கலில் இருக்கிறது. ரெகுலேட்டர் தரும் அழுத்தம், பகுப்பாய்வின்போது இன்லெட் எட்டும் உச்ச அழுத்தத்தைவிடக் குறைந்தது 1 பாராவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் கட்டுப்படுத்தும் வால்வு திணறும். ஒரே வழங்கல் குழாயில் பல கருவிகள் இருந்தால், அடுத்த கருவி ஸ்பிளிட்டைத் திறக்கும் நேரத்தோடு உங்கள் அலைவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும். ஓவனைச் சீராகச் சூடேற்றிக்கொண்டே போகும் வெப்பநிலைத் திட்டம் முடிந்து, ஓவன் குளிர்ந்தவுடன் அடுத்த மாதிரியைச் செலுத்துவதும் முதல் பீக்குகளை அலைய வைக்கும்; சமநிலைக்கு இரண்டு மூன்று நிமிடம் விடவும்.

அறிகுறி: பீக்குகள் அகன்றுவிட்டன

எல்லாப் பீக்குகளுமா, முன்வருபவை மட்டுமா, பின்வருபவை மட்டுமா என்று முதலில் பிரித்துப் பார்க்கவும். மூன்றுக்கும் காரணம் வேறு.

எல்லாம் அகன்றிருந்தால் வெற்று நேரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, மேலே சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கவும். ஹீலியத்திலிருந்து நைட்ரஜனுக்கு மாறியவர்கள் இங்கேதான் மிகுதியாக இடறுகிறார்கள். பழைய அழுத்தத்தை அப்படியே விட்டால் பாய்வு ஏறத்தாழப் பழைய அளவிலேயே இருக்கும். நேரங்களும் பழகிய இடத்துக்கு அருகில் வரும். ஆனால் வினாடிக்கு 25 செ.மீ. என்பது ஹீலியத்துக்குத் தாழ்புள்ளி, நைட்ரஜனுக்கோ அது தாழ்புள்ளியைக் கடந்து நெடுந்தூரம். நைட்ரஜனில் வேகத்தை 12 அளவுக்கு இறக்கிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், அல்லது பிரிப்புத் தேவை குறைந்த பகுப்பாய்வுகளுக்கு மட்டும் அதை ஒதுக்க வேண்டும்.

வேகம் எல்லைக்குள் இருந்தும் ஐயம் தீராவிட்டால், ஒரு மணி நேரம் செலவிட்டு உங்கள் குழலின் வளைகோட்டை நீங்களே வரைந்துவிடுங்கள். ஓவனை ஒரே வெப்பநிலையில் வைத்து, நன்கு தங்கும் ஒரு பொருளை ஐந்து வேறு வேகங்களில் செலுத்தவும். தங்கு நேரத்தைப் பாதி உயரத்தில் உள்ள அகலத்தால் வகுத்து, அதை இருமடியாக்கி, 5.54-ஆல் பெருக்கினால், குழலின் பிரிக்கும் திறனைக் காட்டும் தட்டு எண்ணிக்கை கிடைக்கும். குழல் நீளத்தை அதனால் வகுத்தால் தட்டு உயரம். நல்ல நிலையில் உள்ள 0.25 மி.மீ. குழலில், தாழ்புள்ளியில் தட்டு உயரம் ஏறத்தாழ உள்விட்டத்தின் அளவே இருக்கும், அதாவது 30 மீட்டருக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாத தட்டுகள். எந்த வேகத்திலும் அதில் பாதியைக்கூட எட்டவில்லையென்றால் குழல் பழுதடைந்திருக்கிறது, அல்லது மாதிரி அளவுக்கு மீறிச் செலுத்தப்படுகிறது. பாய்வைத் தொட வேண்டாம்.

முன்வரும் பீக்குகள் மட்டும் அகன்று, பின்வருபவை கூர்மையாக இருந்தால் குற்றம் இன்லெட்டில் இருக்கிறது. மாதிரியின் ஆவி, இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயாகிய லைனரை விட்டு வெளியேற நேரமெடுக்கிறது. குழலின் பாய்வு நிமிடத்துக்கு 1 மி.லி. மட்டுமே, 1 மி.லி. கொள்ளளவுள்ள லைனரை விரைந்து துடைப்பது ஸ்பிளிட் பாய்வுதான். ஸ்பிளிட் முறையில் அது நிமிடத்துக்கு 20 மி.லி.க்குக் கீழே இறங்கினால் முன்வரும் பீக்குகள் தோள் சரிந்து காணப்படும். வாயுவைச் சேமிக்கும் அமைப்பு, மாதிரியைச் செலுத்தி 2 நிமிடம் ஆவதற்கு முன்பே ஸ்பிளிட்டைக் குறைத்துவிட்டாலும் இதே விளைவுதான்.

அறிகுறி: வெப்பநிலைத் திட்டத்தின் பிற்பகுதியில் பீக்குகள் இழுத்துக்கொண்டு வருகின்றன

திரவம் சூடானால் இளகும். வாயுவோ சூடானால் பாகுநிலை கூடும். இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் இந்த அறிகுறியின் வேர் இதுதான். கருவி, அழுத்தத்தை மாறாமல் வைக்கும் நிலையழுத்த முறையில் இருந்தால், ஓவன் 50 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்கு ஏறும்போது நேர்வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. வெளியே வந்து அறை வெப்பநிலையில் அளக்கப்படும் பாய்வோ, பாகுநிலை ஏற்றமும் வாயுவின் விரிவும் சேர்வதால், தொடக்கத்தில் இருந்ததில் 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. தொடக்கத்தில் சரியான வேகத்தை அமைத்தவர், பின்வரும் கனமான பொருள்களை வளைகோட்டின் செங்குத்தான இடப்புறத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

தீர்வு, நிலைப்பாய்வு முறைக்கு மாறுவது; ஓவன் ஏற ஏறக் கருவி அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போகும். அந்த முறை இல்லாத கருவியில், கடைசியாக வரும் முக்கியமான பீக் வெளியேறும் வெப்பநிலையில் வேகம் சரியாக இருக்குமாறு தொடக்க அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைக்கவும். தொடக்கத்தில் தாழ்புள்ளியின் வலப்புறம் நிற்பதால் அதிகம் இழப்பு இல்லை.

இந்த மாற்றத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. நிலைப்பாய்வுக்கு மாறியதும் பின்வரும் பொருள்கள் முன்பைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் வெளியேறும். வெப்பநிலை மாறினால், வேறுவேறு வேதியியல் வகையைச் சேர்ந்த பொருள்களின் ஒப்புத்தங்குதலும், அதாவது ஒன்றோடொன்று ஒப்பிடக் குழலில் தங்கும் அளவும், மாறும். நெருக்கமான இரண்டு பீக்குகள் சேர்ந்துகொள்ளலாம், இடம் மாறியும் வரலாம். ஆகவே பழைய பீக் பெயர்களை அப்படியே ஒட்டாமல், தனித்தனித் தரமாதிரிகளைச் செலுத்தி ஒவ்வொன்றையும் மீண்டும் அடையாளம் காணவும்.

அறிகுறி: நேரம் அசையவில்லை, பரப்பு மட்டும் மாறுகிறது

எந்த டிடெக்டர் என்பதிலிருந்து தொடங்கவும். எஃப்ஐடி தன்னுள் வினாடிக்கு எவ்வளவு நிறை வருகிறது என்பதை உணர்கிறது; பாய்வு சிறிது மாறினால் பீக்கின் உயரம் மாறும், பரப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கும். டிசிடியோ செறிவை உணர்கிறது. பாய்வு இருமடங்கானால் பொருள் பாதி நேரமே அங்கே தங்குவதால் பரப்பும் ஏறத்தாழப் பாதியாகிறது. டிசிடியில் நிலையழுத்த முறையோடு வெப்பநிலைத் திட்டத்தையும் வைத்துக்கொண்டு பரப்புகளை ஒப்பிடுவது, ஓட்டத்தின் நடுவே அளவுகோலை மாற்றிக்கொண்டு அளப்பதற்கு ஒப்பாகும்.

எஃப்ஐடியில் பரப்பு மாறினால் பிரிப்பு விகிதத்தைச் சோதிக்கவும். ஸ்பிளிட் வெளியேற்றம் 50 மி.லி., குழலில் 1 மி.லி. என்றால் மாதிரியில் 51-இல் ஒரு பங்கு குழலுக்குப் போகிறது. உள்விட்டம் தவறாக உள்ளிடப்பட்டு உண்மையில் குழலில் 1.5 மி.லி. ஓடினால், போகும் பங்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். இரண்டு கருவிகளில் ஒரே முறை வேறு வேறு பரப்பைத் தருவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. ஸ்பிளிட் வெளியேறும் வழியில் உள்ள கரிவடிப்பான் அடைபட்டாலும் விகிதம் மாறும். குமிழ் மானியை அந்த வழியின் வாயில் வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பரப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் செப்டத்தை மாற்றவும். நூறு செலுத்தல்களைக் கடந்த செப்டத்தை நான் நம்புவதில்லை. கசிவைத் தேட மின்னணுக் கசிவுமானியையே பயன்படுத்த வேண்டும். சோப்புக் கரைசலை இன்லெட் இணைப்புகளில் தடவினால், சிறு இடைவெளி வழியே அது உள்ளே ஏறிப் பல நாட்களுக்கு அடிக்கோட்டைக் கெடுக்கும். கிராஃபைட் கலந்த பாலிஇமைடு ஃபெரூல்கள் முதல் சில வெப்பச் சுழற்சிகளில் சுருங்கும் என்பதால், ஓவன் குளிர்ந்ததும் நட்டைச் சற்று மறுபடி இறுக்கவும்.

அறிகுறி: ஸ்பிளிட்லெஸ் முறையில் கரைப்பான் பீக்குக்கு நீண்ட வால், அல்லது சிறிய பீக்குகள் காணவில்லை

மாதிரியைப் பிரிக்காமல் குழலுக்கு அனுப்பும் ஸ்பிளிட்லெஸ் முறையில், ஸ்பிளிட் வழியைத் திறக்கும் பர்ஜ் வால்வு மூடியிருக்கும் நேரமும் குழலின் பாய்வும் ஒன்றையொன்று சார்ந்தவை. லைனரின் கொள்ளளவைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வாயு குழலுக்குள் போகும்வரை வால்வு மூடியிருக்க வேண்டும். 1 மி.லி. லைனரும் நிமிடத்துக்கு 1.5 மி.லி. பாய்வும் என்றால் ஒரு நிமிடத்தை ஒட்டி வால்வைத் திறக்கலாம். அதற்கு மிக முன்பே திறந்தால் கனமான பொருள்களில் ஒரு பகுதி வெளியேறிவிடும். தாமதித்தால் கரைப்பானின் வால் முன்வரும் பீக்குகளை மூடும். பாய்வைக் குறைத்தவர் இந்த நேரத்தை மாற்ற மறந்துவிடுவது வழக்கம்.

ஆவியின் பருமனையும் கணக்கில் கொள்ளவும். 250 டிகிரியில், 0.7 பார் அழுத்தத்தில், 1 மைக்ரோலிட்டர் ஹெக்சேன் ஏறத்தாழ 200 மைக்ரோலிட்டராக விரியும். மெத்தனால் 600-ஐத் தாண்டும். நீர் 1400-ஐ எட்டும். 1 மி.லி. லைனரில் நீர் வழிந்து செப்டம் பர்ஜ் வழியில் ஏறிவிடும்; அங்கே படிந்தது அடுத்த செலுத்தலில், அந்த மாதிரியில் இல்லாத பேய்ப்பீக்காகத் திரும்பிவரும். செலுத்தும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தை உயர்த்தும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்தவும்.

அறிகுறி: எஃப்ஐடியின் சுடர் பற்றவில்லை, அல்லது அணைந்துவிடுகிறது

சுடருக்கு நிமிடத்துக்கு ஹைட்ரஜன் 30 முதல் 40 மி.லி., காற்று 300 முதல் 400 மி.லி. என்ற அளவு பொதுவாகப் பொருந்தும். குழலின் பாய்வும், டிடெக்டரில் கூடுதலாகச் சேர்க்கப்படும் மேக்கப் வாயுவும் சேர்ந்த கூட்டுத்தொகை ஹைட்ரஜனின் அளவை ஒட்டி இருக்க வேண்டும். 0.53 மி.மீ. குழலில் பாய்வை உயர்த்தியவர்கள் மேக்கப்பைக் குறைக்காவிட்டால் சுடர் ஊதி அணைக்கப்படுகிறது. பற்றவைக்கும் நேரத்தில் மேக்கப்பை நிறுத்தி, பற்றியபின் திறந்து பார்க்கவும். கேரியரே ஹைட்ரஜன் என்றால் குழலின் பாய்வை எரிவாயுவின் அளவிலிருந்து கழிக்கவும்.

சுடர் எரிகிறதா என்று அறிய, பளபளப்பான குளிர்ந்த உலோகத் தகட்டை வெளியேறும் வாயின்மேல் ஒரு கணம் பிடித்தால் நீர்ப்பனி படிய வேண்டும். பனி படியவில்லையென்றால் ஹைட்ரஜனை உடனே மூடவும்; எரியாத ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டை எட்டினாலே வெடிக்கக்கூடிய கலவையாகிவிடும்.

அறிகுறி: அழுத்தம் அமைத்த எண்ணை எட்டவில்லை, அல்லது அதற்குக் கீழே இறங்கவில்லை

எட்டவில்லையென்றால் பெருங்கசிவு: முறிந்த குழல், தளர்ந்த செப்டம் நட்டு, லைனரின் வளையம் இல்லாமை, தீர்ந்துபோன சிலிண்டர். இன்லெட்டில் குழல் நுழையும் இடத்தை அடைத்து, வெளியேறும் வழிகளை மூடி, அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தால் கசிவு இன்லெட்டிலா குழலிலா என்று பிரிந்துவிடும். இறங்கவில்லையென்றால் ஸ்பிளிட் வழியில் அடைப்பு, வடிப்பானை மாற்றவும்.

அறிகுறி: நிறைநிறமாலைமானியில் பின்னணி உயர்ந்திருக்கிறது, பீக்குகளும் முன்னதாக வருகின்றன

பின்னணியில் நிறை 28-உம் (நைட்ரஜன்) 32-உம் (ஆக்சிஜன்) ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் தெரிந்தால் அது காற்றுக் கசிவு. உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தும் காற்று எப்படி நுழையும் என்று கேட்கத் தோன்றும்; ஆக்சிஜனின் பகுதியழுத்தம் உள்ளே ஏறத்தாழச் சுழியம் என்பதால் அது எதிர்த்து விரவி நுழைகிறது. கசிவு இல்லாமல் வெற்றிடம் மட்டும் கெட்டிருந்தால் பம்ப்பின் திறனை மீறிய பாய்வு ஓடுகிறது. பெரும்பாலான கருவிகளுக்கு நிமிடத்துக்கு 1 முதல் 1.5 மி.லி. வரை பொருத்தமானது.

முறையை எஃப்ஐடியிலிருந்து இங்கே மாற்றும்போது, குழலின் வெளிமுனை வெற்றிடத்தில் இருப்பதால் அதே அழுத்தத்தில் வேகம் கூடும். கருவியின் அமைப்பில் வெளிமுனை வெற்றிடம் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கவும். வளிமண்டலம் என்று இருந்தால் திரையின் கணக்கு முழுவதும் தவறு.

அறிகுறி: ஹீலியத்திலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறியபின் எதுவும் பழையபடி இல்லை

முதலில் கருவியில் வாயுவின் பெயரை மாற்றி, வேகத்தை வினாடிக்கு 40 செ.மீ. அளவில் அமைத்து, வெற்று நேரத்தை அளக்கவும். பழைய வெற்று நேரத்தைப் புதியதால் வகுத்தால் வரும் எண்தான் இந்த மாற்றம் முழுவதற்கும் திறவுகோல். அது 1.6 என்று வைத்துக்கொண்டால், ஓவன் ஏறும் வீதத்தை 1.6-ஆல் பெருக்கவும், நிறுத்தி வைக்கும் நேரங்களை 1.6-ஆல் வகுக்கவும். பாய்வை மட்டும் மாற்றி ஓவன் திட்டத்தைப் பழையபடி விட்டால் ஒவ்வொரு பொருளும் வேறு வெப்பநிலையில் வெளியேறும்; வரிசை குலைவது அதனால்தான்.

டைகுளோரோமீத்தேன் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்கள் சூடான இன்லெட்டில் ஹைட்ரஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடைத் தரக்கூடும். முன்பு இல்லாத வால் அங்கிருந்தும் வரலாம் என்பதால் கரைப்பானை மாற்றிப் பார்க்கவும். ஸ்பிளிட், செப்டம் பர்ஜ் வழிகளை வெளியேற்றக் குழாயோடு இணைக்கவும், ஓவனுக்குள் ஹைட்ரஜன் உணரியைப் பொருத்தவும். இவற்றுக்குப் பின்னும் இரண்டு பீக்குகள் இடம் மாறியே வந்தால், ஏறும் வீதத்தைக் கணக்கிடப் பயன்படுத்திய வெற்று நேரங்கள் இரண்டும் ஒரே ஓவன் வெப்பநிலையில் அளக்கப்பட்டவையா என்று திரும்பிப் பார்க்கவும்.